வலது மூலைக் கடிகாரம்

கீழே முட்டைக் கிடங்கு, மேலே 'லோடு ராஜா' அலுவலகம். மாடிப்படியில் கால் வைத்ததுமே வாடை இறங்கி வந்து தோளில் கை போட்டுக்கொள்ளும். உடைந்த முட்டைகளை ஒரு நீல வாளியில் ஊற்றி வைப்பார்கள். வாளி நிறைந்தால்தான் யாராவது எடுத்துப்போய்க் கொட்டுவார்கள். வெயில் நாளில் அதன் மேற்பரப்பு தோல்போலக் காய்ந்து விறைத்துவிடும். அந்தத் தோலின்மேல் ஈக்கள் அவசரமில்லாமல் நடந்து திரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் யுவஸ்ரீ துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். இப்போது பொத்துவதில்லை. பழகிப்போச்சு என்று அம்மாவிடம் சொன்னாள். அப்படிப் பழகிப்போனதை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

'லோடு ராஜா' ஒரு விளையாட்டு. கைபேசியில் லாரி ஓட்ட வேண்டும். ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூரில் இறக்கலாம், நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கொச்சிக்குப் போகலாம். ஒரே சாலையில் ஆயிரம் பேரின் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். லோடுக்குக் காத்துக்கிடக்கும் நிஜ டிரைவர்கள், இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள், வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் கல்லூரிப் பையன்கள், எல்லாரும் ஆடினார்கள். ஆடுவதற்குக் காசு கிடையாது. ஆனால் புது லாரி வேண்டுமென்றால் நிஜப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும். முதலாளி பிரபாகருக்கு வருமானமே அதில்தான்.

அலுவலகத்தில் மூன்றே பேர். யுவஸ்ரீ சர்வரைப் பார்த்துக்கொண்டாள். ஜாவாவில் எழுதப்பட்ட அந்த நிரல், எங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் இரவும் பகலும் ஓடியது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் டெபோரா படங்கள் வரைந்தாள். மூன்றாவது ஆள் பிரபாகர். அவருடைய அப்பா ஊருக்கு வெளியே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு அங்கே மரமும் தகடும் அடித்து, பூவும் மயிலும் வரைந்து அனுப்புவார்கள்.

அந்தப் பட்டறையில்தான் யுவஸ்ரீயின் அப்பா சின்னண்ணனின் வண்டி நின்றது. முப்பது வருஷமாக அடுத்தவன் லாரி ஓட்டிய மனிதர். இப்போதுதான் சொந்தமாக ஒன்று. நெற்றியில் என்ன பெயர் எழுதுவது என்று வீட்டில் இரண்டு மாதம் பேசி, கடைசியில் 'யுவஸ்ரீ' என்றே எழுதச் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை வண்டி எடுப்பதாக இருந்தது.

கடிகாரம் வந்த கதை இது. விளையாட்டைத் திறந்தால் அது கைபேசியின் முழுத்திரையையும் மூடிக்கொள்ளும்; மேலே ஓரத்தில் தெரியும் மணியும் மறைந்துவிடும். பிரபாகர்தான் அப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் நேரம் பார்க்காமல் வண்டி எடுப்பார்களா? திரைக்குள் ஓடும் வண்டியானால் என்ன? புது லாரி வாங்கினால் அதன் நான்கு மூலைச் சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதற்கு டெபோரா படம் வரைந்திருந்தாள். பழம் நசுங்கும் சத்தத்தைக்கூட நிஜப் பழத்தை நசுக்கித்தான் பதிவு செய்தார்கள். அவ்வளவும் இருக்க, ராகு காலம் முடிந்ததா என்று பார்க்க விளையாட்டை விட்டு வெளியே போனவர்கள் திரும்பி வரவில்லை.

"மணி பாக்க வெளிய போறானுக. போனவன் அங்கியே வீடியோல எவளோ ஆடறதப் பாத்துக்கிட்டுக் குடியிருந்துக்கறான்," என்றார் பிரபாகர். அவர் கையில் அவித்த முட்டை இருந்தது. கீழ்க் கிடங்கிலிருந்து ஓசியில் வருவது. அதை எப்போதும் யுவஸ்ரீயின் மேசைக்குமேல் நின்றுதான் உரிப்பார். "மணிய நாமளே காட்டீரலாம் புள்ள. வலது மேல் மூலைல. நொடிக்கு நொடி ஓடோணும்."

ஓட்டின் சில்லு ஒன்று விசைப்பலகையின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்தது. அவள் அதை ஊக்கால் நெம்பி எடுத்தாள்.

கடிகாரம் பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு நொடியும் விழித்துக்கொள்ளும் ஒரு சின்ன வேலையைச் சர்வரில் எழுதி, அது விழிக்கும்போதெல்லாம் விளையாடுகிற அத்தனை பேரின் மூலையிலும் மணியை மாற்றிவிடச் சொன்னால் போதும். யுவஸ்ரீ ஒரே பகலில் முடித்துவிட்டாள். முதன்முதலாக நொடிகள் உருளத் தொடங்கியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முகம் தெரியாத ஆயிரம் பேரின் உள்ளங்கையில் ஒரே நேரத்தில் ஒரே எண் மாறுகிறது. ஒரு ஊர் முழுக்க ஒரே மூச்சு விடுவதுபோல இருந்தது.

அன்று சாயங்காலமே அப்பா கூப்பிட்டார். யாருடைய வண்டியிலோ கோலாப்பூரில் லோடு இறக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, உன்ற கடிகாரம் இங்க ஓடுது! முன்னாடி வண்டிக்காரனக் கூப்புட்டுக் காட்டுனேன். எம்புள்ள நாமக்கல்ல உக்காந்து தள்ளுறா, இங்க முள்ளு நகருதுன்னேன்."

"அதுல முள்ளே இல்லீங்ப்பா. வெறும் நம்பருதான்."

"இருந்துட்டுப் போவுது. நான் முள்ளுன்னு சொல்லீட்டேன்."

ஒரு தப்பு மட்டும் அதில் இருந்தது. சர்வர் கிளம்பும்போது மணியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு விழிக்கும்போதெல்லாம் ஒரு நொடி கூட்டும்படி எழுதியிருந்தாள். கூட்டம் குறைவாக இருக்கையில் அது சரியாகவே ஓடியது. சாயங்காலம் ஆட்கள் பெருகியதும் சர்வருக்கு மூச்சு வாங்கியது. ஒரு நொடியில் விழிக்க வேண்டியது சற்றே தாமதமாக விழித்தது. அப்படியும் அது ஒரே ஒரு நொடியைத்தான் கூட்டிற்று. இருட்டுவதற்குள் கடிகாரம் நிஜ மணிக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. 'உங்க கடிகாரம் தூங்கி வழியுது' என்று ஒருவர் எழுதியனுப்பியிருந்தார்.

பார்த்ததும் காரணம் புரிந்து அவளுக்குக் காது சூடாயிற்று. கல்லூரி முதல் வருஷப் பிள்ளை செய்கிற தப்பு. தானாக எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கணினியிடமே மணி கேட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வரி மாற்றினால் தீர்ந்தது.

"அதை எதுக்கு மாத்தற?" என்றார் பிரபாகர்.

"லேட்டாக் காட்டுதுங்ண்ணா."

"அதான் கேக்கறேன். நேத்துச் சாயங்காலம் ஒவ்வொருத்தனும் எச்சு நேரம் இருந்திருக்கான், பாத்தியா? இன்னும் மணி ஆவுலியேன்னு இருந்திருக்கான்." அவர் மீசையில் மஞ்சள் கரு துகள் துகளாக ஒட்டியிருந்தது. பேசப் பேச அது உதிர்ந்தது. "தப்புப் பண்ணியும் லாபம் பண்ணியிருக்க. கம்முனு உடு."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார். ராகு காலத்தில் யாரும் புது வண்டி வாங்குவதில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் கடையைச் சாத்துவது மாதிரி. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடிகாரம் வேகமாக ஓடி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடட்டும். முடிந்ததும் மெதுவாக ஓடிச் சாயங்காலத்துக்குள் நிஜ மணியோடு சேர்ந்துகொள்ளட்டும்.

"ஃபேன் ரெகுலேட்டராட்ட வெச்சுக் குடு. சர்வர நிறுத்தாம நானே கூட்டிக் கொறைக்கறாப்புல."

"எனக்கு ராகு காலத்துலெல்லாம் நம்பிக்கையில்லீங்ண்ணா. ஆனா இது..."

"நீ நம்பாட்டிப் போவுது. நம்பறவனுக்குத்தான கடிகாரம்?"

"ஏமாத்தறதுங்ண்ணா இது."

"என்ன ஏமாத்தறோம்? சாயங்காலத்துக்குள்ள எடுத்ததைத் திருப்பிக் குடுத்தர்றோமல்ல?" அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, அதே கையால் அவளுடைய மவுஸை நகர்த்தினார். "ஆமா, உங்கப்பா வண்டி வெள்ளிக்கெழமைதான டெலிவரி? பெயிண்டரு ஊருக்குப் போறேன்னு நிக்கறானாம், அப்பா சொல்லீட்டு இருந்தாரு. நாஞ்சொன்னா இருப்பான்."

சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

யுவஸ்ரீ எழுதினாள். ஒவ்வொரு கிழமைக்கும் ராகு காலம் எப்போது என்று வீட்டு நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லும்படி அம்மாவிடமே கேட்டாள். மகளுக்குப் பக்தி வந்துவிட்டதென்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதைக் கேட்டு யுவஸ்ரீக்கு நாக்கில் துருச் சுவை ஏறியது. ராகு காலத்துக்குள் ஒவ்வொரு நொடிக்கும் ஒன்றரை நொடி கூட்டு. வெளியே வந்ததும் கொஞ்சங் கொஞ்சமாகக் குறை. ரெகுலேட்டர் கேட்டாரே, அதற்கும் ஒரு கட்டளை வைத்தாள். நிஜ மணிக்கே திரும்பிப்போகவும் அதிலேயே ஒரு வழி இருந்தது. சுத்தமான நிரல், ஒரு பிழையில்லை. எழுதி முடித்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து சற்று நேரத்தில் மறுபடியும் போனாள்.

"எத்தனை வாட்டிடீ கழுவுவே?" என்றாள் டெபோரா. "ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பின பிலாத்துகூட ஒருவாட்டிதான் கையைக் கழுவினான்."

"முட்டை நாத்தம் போவ மாட்டேங்குதுடீ."

"நீ முட்டையைத் தொடவே இல்லையே."

வெள்ளிக்கிழமை அவள் விடுப்புக் கேட்டாள், கிடைக்கவில்லை. அன்று பகலில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை விளையாட்டில் புதிதாக விற்பனைக்கு விடுவதாக இருந்தார்கள். "உங்கப்பா வண்டி எடுக்க நீயெதுக்கு? நம்ம பட்டறைதான, பாத்துக்குவாங்க," என்றார் பிரபாகர். அம்மா ஊர் மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துக் காத்திருப்பாள். அப்பா பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து நேராக அங்கே போய் நிறுத்திப் பூசை போட வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. பன்னிரண்டு தாண்டித்தான் வண்டியைக் கிளப்புவது என்று அப்பா வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கூப்பிட்டபோது யுவஸ்ரீ விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் பன்னிரண்டு சக்கர லாரியை அள்ளிக்கொண்டு போனார்கள். எலுமிச்சம்பழங்கள் வரிசையாக நசுங்கிக்கொண்டிருந்தன.

"கெளம்பீட்டேன் சாமி!" அப்பாவின் குரலுக்குப் பின்னால் புது எஞ்சினின் உறுமல். "துறையூர் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கேன். வெண்ணெயாட்டப் போவுது வண்டி."

"அதுக்குள்ளயாங்ப்பா?"

"அதுக்குள்ள என்ன? ராகு காலம் முடிஞ்சு எடுத்தாச்சு. பட்டறைல சும்மாதான உக்காந்திருந்தேன், உன்ற வெளையாட்டப் போட்டுக்கிட்டு மணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு தாண்டுச்சு, எந்திரிச்சுட்டேன். மேஸ்திரி உபகாரசாமி இருக்காருல்ல, அவுரு, 'இன்னும் நேரங் கெடக்குதுங்களே, செவுத்துக் கடிகாரத்தப் பாருங்க'ங்கறாரு. நான் போன எடுத்து அவுரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். 'மேஸ்திரி, அது பேட்டரில ஓடறது. இது சர்வர்ல இருந்து வருது. எம்பொண்ணு வெச்சது'ன்னேன். அல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க."

யுவஸ்ரீ தன் திரையைப் பார்த்தாள். விளையாட்டின் வலது மூலையில் பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம். கணினியின் கீழ் மூலையில், நிஜ மணி, பதினொன்று முப்பத்தாறு.

இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ராகு காலமென்று ஒன்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாளைக்கு ஒரு டயர் வெடித்தால், ஒரு போலீஸ்காரன் மறித்தால், அப்பாவுக்குத் தான் நேரம் பார்த்து எடுத்த வண்டி என்ற தெம்பாவது இருக்கும். அந்தத் தெம்பைத்தான் இவள் வெட்டியெடுத்திருந்தாள். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. மேஸ்திரியின் கடிகாரத்தைப் பழித்துக்கொண்டு சந்தோஷமாகவே ஓட்டுவார். ஊரெல்லாம் சொல்லுவார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்பா, வண்டிய ஓரங்கட்டுங்."

"ஏன், என்னாச்சு?"

"கட்டுங்ப்பா."

எஞ்சின் சத்தம் அடங்கியது. இண்டிகேட்டர் மட்டும் டக் டக்கென்று கேட்டது.

"அந்தக் கடிகாரம் தப்புங்ப்பா."

"தப்புன்னா? நின்னு போச்சா?"

"இல்லீங். வேகமா ஓடுது. இன்னும் ராகு காலம் முடியல."

"ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லை அப்பாவே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். யுவஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரிப்பேர் இல்லீங்ப்பா. நாந்தான் அப்புடி ஓட வெச்சேன். ராகு காலம் வெரசா முடிஞ்சா ஆளுக வண்டி வாங்குவாங்கன்னு அண்ணன் சொன்னாரு."

இண்டிகேட்டர் நீண்ட நேரம் அடித்துக்கொண்டிருந்தது.

"அவுரு சொன்னாரு. நீ செஞ்ச."

"ஆமாங்ப்பா."

"எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கிப்போச்சே," என்றார் அவர். திட்டவில்லை. கெட்டுப்போன சோற்றை வாயில் வைத்தவர் துப்ப இடம் தேடுகிற குரல் அது.

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு ரெகுலேட்டர் கட்டளையைத் திறந்தாள். நிஜ மணி என்பதைத் தேர்ந்து பொத்தானைத் தட்டினாள். ஆயிரம் திரைகளின் வலது மூலையில் பன்னிரண்டு ஏழு என்று இருந்தது, ஒரு சிமிட்டலில் பதினொன்று முப்பத்தெட்டு என்று ஆயிற்று. சற்று முன் கடந்துபோன ராகு காலம் எல்லாருக்கும் திரும்பி வந்தது.

ஒரு கணம் எல்லா லாரிகளும் தம் பாட்டுக்கு ஓடின. பிறகு அரட்டைப் பெட்டி பொங்கியது.

'யோவ் மணி பின்னால போவுது'

'எனக்கு மட்டுமா எல்லாருக்குமா'

'ஊட்டுக் கடிகாரத்துலயும் பன்னெண்டு ஆவல'

'அப்போ என்ற புது வண்டிய ராகு காலத்துலயா வாங்க வெச்சீங்க பாவிகளா'

டெபோரா வந்து பின்னால் நின்றாள். "யுவா, என்னடீ பண்ணினே?" என்றவள், திரையைப் பார்த்துவிட்டு, "நல்லது," என்று மட்டும் சொன்னாள். உள்ளறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. பிரபாகர் வாயில் பாதி முட்டையோடு வந்தார், மென்றுகொண்டே கத்தினார்.

"என்ன புள்ள பண்ற? மாத்து! மறுபடியும் மாத்து மொதல்ல!"

வெள்ளைக் கருவின் ஒரு துண்டு அவள் கைமேல் வந்து விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதைத் துடைக்காமல் பார்த்தாள்.

"மாட்டேனுங்ண்ணா."

"உங்கப்பன் வண்டி நம்ம பட்டறைல நிக்குதுங்கறது ஞாபகம் இருக்குதா?"

"வெளிய வந்துருச்சுங்ண்ணா. பன்னெண்டுக்கு அரைமணி முன்னாலயே எடுத்துட்டாரு. உங்க கடிகாரத்தப் பாத்துத்தான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். யுவஸ்ரீக்கு அதில் ஒரு நொடி இனிப்பு இருந்தது. அடுத்த நொடியே கசந்தது. வண்டி பட்டறையைத் தாண்டிய பிறகுதானே தனக்கு இந்தத் தைரியம் வந்தது? பெயிண்டர் இன்னும் மயில் வரைந்துகொண்டிருந்தால் இந்தப் பொத்தானைத் தட்டியிருப்பாளா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே போதும், கீழேயிருக்கும் வாளிக்கும் தனக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்ற.

"எந்திரி," என்றார் பிரபாகர். "எந்திரிச்சுப் போ."

அவள் பையையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாடை, அவள் வந்த முதல் வாரத்தைப்போல, முகத்தில் அறைந்தது. வாசலில் நின்று கைபேசியைக் காதில் வைத்தாள். இணைப்பு இன்னும் இருந்தது. அப்பா வண்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். சாலையில் பஸ் ஒன்று கடந்துபோகும் இரைச்சல் கேட்டது.

"அப்பா. மணிய இப்பச் சரி பண்ணீட்டேனுங். இனி அதப் பாத்து எடுக்கலாமுங்."

செருப்புச் சத்தம் மண்ணில் கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு அப்பா யாரிடமோ, அவளிடம் ஒருநாளும் பேசியிராத மரியாதையான குரலில் கேட்டார்.

"ஏனுங்க, மணி என்னாச்சுங்க?"

"பன்னெண்டாவ இன்னுங் கா மணி நேரம் கெடக்குதுங்க," என்றது ஒரு வயதான குரல். டீ ஆற்றும் சத்தம் அதனோடு வந்தது. "அத்தாம் பெரிய போனக் கையில வெச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்கறீங்?"

"இது புள்ளைக வெளையாடறதுங்க," என்றார் சின்னண்ணன்.